புது ரோடு பைக்கும் நம்ம ஊர் மேடும் பள்ளமும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டுகிறவர்கள் வாங்க

இண்டூர் சாலை:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாள் காசு சேர்த்து ஒரு ரோடு பைக் வாங்கிவிட்டேன். பெட்ரோல் வண்டி இல்லை, ஹேண்டில்பார் வளைந்த சைக்கிள். கம்பெனி பெயரை எழுதினால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், அதனால் வண்டியில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அலுமினிய பிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் கார்பன், ஷிமானோ சோரா கியர். முன்னால் 50/34 என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 11-28 கேசட், அதாவது 11 பல்லில் இருந்து 28 பல் வரைக்கும் ஒன்பது சக்கர அடுக்கு. 25 மில்லிமீட்டர் டயர், ரிம் பிரேக். எடை பத்து கிலோவை ஒட்டி. விலை எழுபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் இருந்து இண்டூர் போகிற ரோடு காரில் போனால் சமமாகத் தெரியும். சைக்கிளில் போனால்தான் அது ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போவது புரியும். பழைய சைக்கிளில் ஒவ்வொரு மேட்டிலும் வேகம் செத்துப்போய் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இதில் இறக்கத்தில் கிடைத்த வேகம் அடுத்த மேட்டின் பாதி வரைக்கும் கூடவே வருகிறது. ஆடிக்காற்று மேற்கில் இருந்து அடிக்கும்போது ஹேண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்துகொண்டால் பென்னாகரம் வரைக்கும் போக முடிகிறது. முன்பெல்லாம் அந்தக் காற்றில் இண்டூரிலேயே திரும்பிவிடுவேன்.

இப்போது கேள்வி. வத்தல்மலை ஏறும்போது பாதியிலேயே கால் கட்டிக்கொள்கிறது. நண்பர்கள் "எடை குறைந்த வீல் செட் போடு, இருபத்தைந்தாயிரம் ஆகும், வண்டியே பறக்கும்" என்கிறார்கள். போடலாமா? இன்னொன்று, பஞ்சர். நம்ம ஊர் முள்ளுக்கு என்ன வழி?

வத்தல்மலை வாசி:
வாழ்த்துகள் தம்பி. வீல் செட் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் பிரச்சினை கியரில் இருக்கிறது, கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

உங்களிடம் இருக்கிற மிக லேசான கியர், முன்னால் 34, பின்னால் 28. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 1.2 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். செங்குத்தான வளைவில் அந்த வேகத்தைத் தாங்க நல்ல பயிற்சி உள்ள கால் வேண்டும். தாங்காதபோது மிதி 45, 40 என்று இறங்கும், ஒவ்வொரு மிதியையும் முழு பலத்தோடு அழுத்த வேண்டி வரும். கால் கட்டிக்கொள்வது அதனால்தான்.

பின்னால் 34 பல் இருந்தால் முன்னும் பின்னும் சமம், ஒரு மிதிக்கு ஒரு சுற்று. அதே 60 மிதிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம்தான். முட்டியில் வருகிற அழுத்தம் கணிசமாகக் குறையும்.

இப்போது வீல் கணக்கு. இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் நானூறு கிராம் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். நீங்களும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து எண்பது கிலோ. அதில் நானூறு கிராம் என்பது அரை சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது பதினெட்டு வினாடி. கேசட் மாற்ற ஆகும் செலவு அந்த வீல் செலவில் ஒரு சின்னப் பங்குகூட வராது. மேலே காபித் தோட்டம் வரைக்கும் கால் ஊன்றாமல் போய்ச் சேரும் சந்தோஷத்தை அந்தப் பதினெட்டு வினாடி தராது.

முள்ளும் டியூபும்:
பஞ்சர் பற்றி நான் சொல்கிறேன். அரூர் பக்கம் ஓட்டுகிற எனக்கு இது தினசரி விஷயம்.

நம்ம ரோட்டில் மூன்று எதிரிகள். ஒன்று சீமைக்கருவேல முள். வேலி வெட்டிப்போட்ட இடத்தில் ரோட்டோரம் முழுக்கக் கிடக்கும், டிராக்டர் டயரில் ஒட்டி நடு ரோட்டுக்கும் வரும். இரண்டாவது நெருஞ்சி. மண் ஓரத்தில் வண்டியை இறக்கினால் மட்டும் வரும். மூன்றாவது லாரி டயர் வெடித்த இடத்தில் கிடக்கும் மெல்லிய கம்பி. கண்ணுக்கே தெரியாது. தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இதுதான் அதிகம்.

முதல் வேலை, டயரை 28-க்கு மாற்றுங்கள். ரிம் பிரேக் வண்டி என்றால் பிரேக் கைக்குக் கீழேயும் போர்க்குக்குக் கீழேயும் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும். உள்ளே முள் தடுப்புப் பட்டை வைத்த டயராகப் பார்த்து எடுங்கள். கொஞ்சம் எடை கூடும், கூடட்டும்.

காற்று: கடையில் டயர் மேல் எழுதியிருக்கிற அதிகபட்ச அளவைப் பார்த்து 110, 120 என்று அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நம்ம சொரசொரப்பான ஜல்லி ரோட்டில் அது கையையும் முதுகையும் உலுக்கும், வேகமும் வராது. எழுபது கிலோ ஆள் 28 டயரில் ஓட்டினால் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. போதும். அதற்கும் ரொம்பக் கீழே போனால் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். டியூபில் ஜோடியாக ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று குறைவு என்று அர்த்தம்.

ஒற்றை ஓட்டை என்றால் முள் இன்னும் டயரிலேயே இருக்கும். புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வைத்துச் சுற்றிலும் தேயுங்கள். முள் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே பஞ்சு மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். கருவேல முள் வெளியே ஒடிந்துபோய் உள்ளே நுனி மட்டும் நிற்கும், அதை நகவெட்டியின் முனையால் நெம்பி எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் எத்தனை டியூப் மாற்றினாலும் அரை கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிடும்.

அப்புறம் உங்கள் டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு. ஊர்ப் பஞ்சர் கடை காற்றுக் குழாய் அதில் பிடிக்காது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் வரும், வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். மொரப்பூரிலோ ஒடசல்பட்டி கூட்ரோட்டிலோ மாட்டிக்கொண்டால் அதுதான் காப்பாற்றும்.

காவேரிப்பட்டணம் கிராவல்:
எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், மாற்றுக் கருத்து சொல்கிறேன். முள், ஜல்லி, வர்ணம் அடிக்காத வேகத்தடை, பாதி தோண்டி மூடிய குடிநீர்க் குழாய்ப் பள்ளம். இத்தனையும் இருக்கிற ஊரில் எழுபதாயிரம் கொடுத்து ஒல்லி டயர் வண்டி எதற்கு? அதே விலைக்கு 40 டயர் போடுகிற கிராவல் பைக் கிடைக்கிறது. தென்பெண்ணைக் கரை மண் ரோடு, மாந்தோப்புக்குள் போகிற வண்டிப்பாதை என்று எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். ரோடு பைக்கை நல்ல ரோடு உள்ள ஊரில் வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊருக்கு அது ஒத்துவராது என்பது என் அனுபவம்.

இண்டூர் சாலை:
கோபம் எல்லாம் இல்லை அண்ணா. வாங்கும் முன் நானும் இதை யோசித்தேன். நான் ஓட்டுவது பெரும்பாலும் தார் ரோடு. இண்டூர், பென்னாகரம், பாப்பாரப்பட்டி ரோடுகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அறுபது எழுபது கிலோமீட்டர் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு இந்த வண்டி தருகிற வேகம் கிராவல் பைக்கில் எனக்குக் கிடைக்கவில்லை, நண்பருடையதை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மண் ரோட்டுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி.

பாலக்கோடு டீச்சர்:
கிராவலா ரோடா என்ற சண்டையில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். வண்டி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று யாருமே கேட்கவில்லை.

நான் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன், விடுமுறை நாளில் ராயக்கோட்டை வரைக்கும் போவேன். நம்ம ஊரில் பெண்களுக்கு ஏற்ற அளவு வண்டி கடையில் நிற்பதே இல்லை. "இதுதான் இருக்கு மேடம், சீட்டை இறக்கிக்கலாம்" என்பார்கள். சீட்டை இறக்கினால் உயரம் சரியாகும், ஹேண்டில் தூரம் குறையாது. கை எட்டாமல் நீட்டிக்கொண்டே ஓட்டினால் கழுத்து வலி, உள்ளங்கை மரத்துப்போவது, சுண்டுவிரல் கூச்சம் எல்லாம் வரும்.

சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி வைத்து, தரையில் இருந்து அதன் மேல் விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுற்றுகிற நடு அச்சில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரைக்கும் இருக்க வேண்டிய உயரம் வரும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இது ஆரம்பப் புள்ளிதான். அங்கிருந்து சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம்.

கை தூரத்துக்கு, ஹேண்டிலை வண்டியோடு இணைக்கிற ஸ்டெம்மை மாற்றினால் போதும். பத்து இருபது மில்லிமீட்டர் குறைந்த ஸ்டெம் பெரிய விலை இல்லை, ஆனால் மாற்றிய பிறகு வேறு வண்டி மாதிரி இருக்கும். சீட்டும் அப்படித்தான். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், பெண்களுக்குப் பொதுவாக அகலம் கூடுதல். வண்டியோடு வருகிற ஒல்லி சீட்டில் வலிக்கிறது என்று சைக்கிளையே மூலையில் போட்ட தோழிகள் எனக்குத் தெரியும். அகலமான சீட் ஒன்று மாற்றிக் கொடுத்ததும் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள்.

ஐம்பது தாண்டியவன்:
டீச்சரம்மா, நானும் ஒன்று கேட்கிறேன். எனக்கு வயது ஐம்பத்தி மூன்று, கிருஷ்ணகிரி. சர்க்கரை இருக்கிறது, டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். இந்த வளைந்த ஹேண்டில் வண்டியைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது, ஆனால் குனிந்து ஓட்ட முதுகு ஒத்துழைக்குமா?

பாலக்கோடு டீச்சர்:
ஐயா, ரோடு பைக்கிலேயே பந்தய வடிவம், நெடுந்தூர வடிவம் என்று இரண்டு உண்டு. நெடுந்தூர வடிவத்தில் முன்பக்கம் உயரமாக இருக்கும், அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை. கடையில் கேட்கும்போது "எண்டூரன்ஸ்" என்று சொல்லுங்கள். ஸ்டெம்முக்குக் கீழே இருக்கிற வளையங்களை எல்லாம் அப்படியே விடச் சொல்லுங்கள், வளையத்தை எடுத்துவிட்டுப் போர்க் குழாயை வெட்டிவிட்டால் பிறகு ஏற்ற முடியாது. பிரேக் லீவரின் மேல் உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பாருங்கள், முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்கள் என்றால் எவ்வளவு நேரம் ஓட்டலாம், என்ன சாப்பிட்டுவிட்டு ஓட்டலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.

தென்பெண்ணை:
கிருஷ்ணகிரிக்காரன் என்ற முறையில் ரூட் பற்றி எழுதுகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்பது தேசிய நெடுஞ்சாலை 44-இல். அகலமான ரோடு, நல்ல தார், பெங்களூரில் இருந்து வருகிற பெரிய குழுக்களும் அதில் போகிறார்கள். ஆனால் தனியாக ஓட்டுகிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எதிர்ப்பக்கம் ஓரமாக வருகிற டூவீலர், சர்வீஸ் ரோட்டில் இருந்து பார்க்காமல் ஏறுகிற வேன், ஓரத்தில் நிறுத்தி வைத்த லாரி, இந்த மூன்றும் இருக்கிற வரைக்கும் அது நமக்கான ரோடு இல்லை.

குறிப்பாகத் தொப்பூர் கணவாய். தர்மபுரியில் இருந்து சேலம் போகும்போது அது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை அடித்துக்கொண்டு போன விபத்துகளை வருடா வருடம் செய்தியில் பார்க்கிறோம். சைக்கிளில் அந்த இறக்கத்தில் வேகம் எடுப்பது சுலபம், பின்னால் வருவதைப் பார்ப்பது கஷ்டம். எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் நான் அங்கே சைக்கிளை இறக்க மாட்டேன், தெரிந்தவர்களையும் விட மாட்டேன்.

மாற்று வழி நிறைய உண்டு. கிருஷ்ணகிரியில் இருந்து கே.ஆர்.பி. அணை வரைக்கும் காலையில் போய்வருவது புதியவர்களுக்கு நல்ல தூரம். ராயக்கோட்டை ரோடு ஏற்றம் கலந்தது, கோட்டை மலை தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும் கால் தானாக மிதிக்கும். தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி போய், அங்கிருந்து பென்னாகரம், பிறகு இண்டூர் வழியாகத் திரும்புகிற சுற்று அருமை. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கிறது. 1925-இல் அவர் மறைந்த ஊர் அது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கட்டும். புளியமர நிழலுக்குள் போகும்போது வெயிலில் இருந்து வருகிற டிரைவர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம்.

மாந்தோப்பு:
அண்ணன் சொன்ன ரூட்டுகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரைக்கும் உள் ரோடுகளில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். களம் இல்லாத ஊரில் வண்டி ஏறி ஏறித்தான் தானியம் உதிர வேண்டும். தூரத்தில் பார்த்தால் வெறும் வைக்கோல் மாதிரி இருக்கும். அதில் வேகமாக ஏறினால் கொள்ளுக் கொடி பின் டிரெய்லரில், அதாவது செயினை ஒரு பல்லில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற கருவியில், சுற்றிக்கொள்ளும். அதில் இருக்கிற சின்ன சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டி இறுக்கினால் அதைத் தாங்குகிற ஹேங்கர் ஒடிந்து டிரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அடியில் உதிர்ந்து கிடக்கிற ராகி மணியில் டயர் பிடிப்பே இருக்காது, பிரேக் பிடித்தால் விழுவது உறுதி.

இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கி, ஓரமாக நடந்துவிடுங்கள். பத்து கிலோ வண்டியின் பலன் அங்கேதான். வேலை செய்கிற அம்மாக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவர்களே வழி ஒதுக்கித் தருவார்கள், மோர்கூடக் கிடைக்கும். அவர்கள் பிழைப்பு அந்த ரோட்டில் காய்கிறது, நாம் கொஞ்சம் நடப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மாம்பழ சீசனில், மே, ஜூனில், சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் டெம்போவும் டிராக்டரும் விடிவதற்கு முன்பே ஓடும். அந்த மாதங்களில் வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஆனால் எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் தாங்காது.

செயின் எண்ணெய்:
சைக்கிள் வேலை செய்கிறவன் நான். வாங்கிய பிறகு முதல் சில வாரத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

புது வண்டியில் கியர் கேபிளும் அதன் உறையும் உட்கார்ந்து கொஞ்சம் இளகும். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கும், கடகட என்று சத்தம் வரும். வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். பின் டிரெய்லரில் கேபிள் நுழைகிற இடத்தில் திருகு ஒன்று இருக்கும். பின்னால் இருந்து பார்த்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். சத்தம் போகும் வரைக்கும் அப்படியே கால் கால் சுற்றாக. பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கும், அதைத் தெரியாமல் தொடாதீர்கள். செயின் கேசட்டைத் தாண்டி ஸ்போக் கம்பிக்குள் விழாமல் தடுப்பது அதுதான்.

ஸ்போக் கம்பிகளும் புதிதில் கொஞ்சம் தளரும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் நெருங்கி விலகினால் கோட்டம் எடுக்க வேண்டும். ஊரில் பழைய சைக்கிள் கடைப் பெரியவர்கள் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரர்கள், தாராளமாகக் கொடுக்கலாம். ஹேண்டில், ஸ்டெம் போல்ட் மட்டும் அவர்கள் பாணியில் பலமாக இறுக்க விட வேண்டாம். உள்ளே இருப்பது கார்பன் போர்க்கின் குழாயாக இருக்கலாம். ஸ்டெம்மிலேயே எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். அதற்கென்று டார்க் கீ இருக்கிறது.

செயினுக்கு என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். நம்ம செம்மண் தூசி அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும், செயினும் கேசட்டும் சேர்ந்து தேயும். சைக்கிள் செயினுக்கான எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வேலை நடப்பது கண்ணிக்கு உள்ளேதான், வெளியே எண்ணெய் பளபளத்தால் தூசிதான் சேரும்.

முதலாம் ஆண்டு:
அண்ணா, நான் கல்லூரி படிக்கிறேன், எழுபதாயிரம் எல்லாம் முடியாது. பழைய வண்டி முப்பதாயிரத்துக்குள் பார்க்கிறேன். என்ன பார்த்து வாங்கணும்?

செயின் எண்ணெய்:
தம்பி, பிரேமை வெயிலில் வைத்துப் பார். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேர்கிற வெல்டு, பெடல் கைகள் சுற்றுகிற நடு அச்சு இருக்கிற இடம், இந்த இரண்டிலும் பெயின்ட் முடி மாதிரி கீறி இருந்தால் விட்டுவிடு. அலுமினியத்தில் விரிசல் விழுந்தால் அதை நம்பி ஓட்டக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவு, உள்ளே குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. சீட் குழாயை மேலே இழுத்துப் பார், வராமல் ஒட்டியிருந்தால் பின்னால் பெரிய தொல்லை. செயின் தேய்மானத்துக்கு ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. அது 0.75-ஐத் தாண்டி இறங்கினால் செயினோடு கேசட்டும் மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேள். பில்லும் பிரேம் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதே.

புதிதே வாங்குவதாக இருந்தாலும் ஒரு நல்ல சேதி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே.

வத்தல்மலை வாசி:
நாய் பற்றி யாரும் எழுதவில்லையே. துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள், திரும்பிப் பார்த்து ஹேண்டிலை ஆட்டாதீர்கள். நின்று இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும்.

முள்ளும் டியூபும்:
ஒகேனக்கல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரியில் இருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் முழுக்க இறக்கம், போகும்போது சொர்க்கம். அதே ரோட்டில் வெயில் ஏறிய பிறகு திரும்பி ஏற வேண்டும் என்பதை மனதில் வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பாட்டில் கட்டாயம். ரிம் பிரேக் வண்டியில் இறக்கம் முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போனால் ரிம் சூடாகும். நேர் ரோட்டில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிடிக்காமல் திரும்புங்கள். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஹேண்டிலில் வாழைப்பழப் பையைத் தொங்கவிட்டால் அது உங்களுடையது இல்லை. யானை நடமாடும் காடு, நன்றாக விடிந்த பிறகு நுழைந்து பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

காவேரிப்பட்டணம் கிராவல்:
இவ்வளவு படித்த பிறகு ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பாப்பாரப்பட்டி, பென்னாகரம் சுற்றுக்கு 28 டயர் போட்ட ரோடு பைக் சரிதான். என் ஊர்க் கரை ரோட்டுக்கு இன்னமும் 40 டயர்தான் என் கட்சி. இண்டூர் தம்பி, ஒரு நாள் வாங்க, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்போம்.

இண்டூர் சாலை:
வருகிறேன் அண்ணா. எல்லோருக்கும் நன்றி. வீல் செட் எண்ணத்தை விட்டுவிட்டேன். டயர் 28 போகிறதா என்று அளந்தேன், பிரேக் கைக்குக் கீழே விரல் நுழைகிற அளவு இடம் இருக்கிறது. டீச்சர் சொன்ன கணக்குப்படி சீட்டை ஏற்றியதும் முட்டி வலி குறைந்திருக்கிறது. இப்போது கேசட் மட்டும் பாக்கி. 11-34 அப்படியே வாங்கி மாட்டிவிடலாமா? பின் டிரெய்லரின் உள்பக்கம் எண்ணோடு எஸ்.எஸ். என்று எழுதியிருக்கிறது.

செயின் எண்ணெய்:
நல்ல வேளை பார்த்தீர்கள். எஸ்.எஸ். என்றால் டிரெய்லரின் சின்ன சக்கரங்களைப் பிடிக்கிற கூண்டு குட்டை, 34 பல்லை அது ஏற்காது. ஜி.எஸ். என்று முடிகிற நீளக் கூண்டு டிரெய்லர் வேண்டும், சோராவிலேயே கிடைக்கும். கேசட், டிரெய்லர், செயின் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். பெரிய பல்லுக்கு இப்போதிருக்கும் செயின் நீளம் போதாது. புதுச் செயினை வெட்டும்போது டிரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்லிலும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்கள். பழைய 11-28 கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தம்பி முதலாம் ஆண்டு வாங்கப்போகிற வண்டிக்கு ஆகும்.

முதலாம் ஆண்டு:
ஆகும் அண்ணா, எனக்கு எடுத்து வையுங்க.